வீட்டில் ஒருத்தருக்கு சளி, காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் வரணுமா? தனி ரூம் இல்லாத வீட்டிலும் தடுப்பது எப்படி?

மழை சீசன் வந்தாலே பல வீடுகளில் இதே கதைதான். திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை லேசாகத் தும்மும். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். வியாழக்கிழமை அம்மாவுக்குத் தொண்டை கரகரப்பு. சனிக்கிழமை அப்பாவுக்கு உடம்பு வலி. அடுத்த வாரம் தாத்தாவுக்கு மூச்சு வாங்கும். பிள்ளை அதற்குள் எழுந்து விளையாட ஆரம்பித்திருக்கும். ஆனால் தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பார்.

பிள்ளைக்கு நாலு நாளில் சரியாகிற அதே ஃப்ளூ, சுகர், இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு நிமோனியா வரை போகலாம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். அதனால் வீட்டில் ஒருத்தருக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்த வீட்டில் யாருக்கு வரவே கூடாது?’ என்பதுதான்.

மழையில் நனைந்தால்தான் சளி பிடிக்குமா?

சளி, ஃப்ளூ இரண்டுக்கும் காரணம் வைரஸ். வைரஸ் இல்லாமல் நனைந்ததால் மட்டும் ஃப்ளூ வராது. ஆனால் மழை, பனி என்றால் நாம் ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்துகொள்கிறோம். ஒருத்தர் இருமினால் அந்தக் காற்றைத்தான் மற்றவர்களும் சுவாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் ஃப்ளூ கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாள் பரவும்?

ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் போன 1 முதல் 4 நாட்களில் அறிகுறி தெரியும். கவனிக்க வேண்டிய விஷயம், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகும் 5 முதல் 7 நாட்கள் வரை பரவலாம். சிறு குழந்தைகளிடம் இருந்து இன்னும் சில நாட்கள் கூடுதலாகப் பரவும். முதல் 3, 4 நாட்களில்தான் வேகம் அதிகம்.

‘காய்ச்சல் அடிச்சா அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இருந்தால் ஒரு நாள் தாமதம் ஆகிவிடும். மழை மாதங்களில் வெளியே போய் வந்ததும் கை கழுவுவது, தும்மும்போது முழங்கையை மடித்து மூடிக்கொள்வது என்பதெல்லாம் எல்லோருக்கும் தினசரி பழக்கமாக இருந்தால்தான் அந்த முதல் நாளைச் சமாளிக்க முடியும்.

தனி ரூம் இல்லையே, என்ன செய்வது?

‘நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்’ என்று சொல்வது சுலபம். ஒரு ஹால், ஒரு கிச்சன் உள்ள வீட்டில் அது நடக்காது. அந்த மாதிரி வீடுகளில் செய்யக்கூடியவை இவை.

1. இடம் மாற்றுங்கள்: காய்ச்சல் உள்ளவரை ஜன்னல் ஓரமாகப் படுக்க வையுங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எதிர் மூலையில் படுக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில்தான் படுக்க முடியும் என்றால், ஒருத்தர் தலை இருக்கும் பக்கம் இன்னொருத்தர் கால் இருக்கும்படி மாற்றிப் படுக்கலாம். முகத்துக்கு முகம் இடைவெளி கிடைக்கும்.

2. காற்று வரட்டும்: பகலில் எதிரெதிர் ஜன்னல், கதவுகளைத் திறந்து வையுங்கள். கொசு வரும் என்ற பயம் நியாயம்தான். அதற்குக் கொசுவலை அடித்த ஜன்னல்தான் நல்ல வழி. ஏசி அறையில் எல்லோரும் சேர்ந்து தூங்குவதை அந்த ஒரு வாரம் தவிர்த்துவிடுங்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்ற விடும்.

3. மாஸ்க்: நோயாளி போட்டால் வைரஸ் வெளியே வருவது குறையும். அவர் குழந்தையாக இருந்து போட மறுத்தால், கவனித்துக்கொள்பவர் போட்டுக்கொள்ளலாம். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் போடக் கூடாது.

4. ஒருத்தரே கவனிக்கட்டும்: ஆளாளுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை விட, ஆரோக்கியமான ஒருத்தர் மட்டும் கவனிப்பது நல்லது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டியால் மடியில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டிக்கு சுகர் இருந்தால், நாலு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

‘எச்சில்’ விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு

அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் நம்ம ஊர்ப் பழக்கம் இந்த நேரத்தில் கைகொடுக்கும். சொம்பில் வாய் வைக்காமல் குடிப்பது நல்லதுதான், ஆனால் நோயாளிக்குத் தனி டம்ளர் வைப்பது இன்னும் நல்லது. பிள்ளை மிச்சம் வைத்ததை அம்மா சாப்பிடுவது, சூடு பார்க்க அம்மா வாயில் வைத்த ஸ்பூனையே பிள்ளைக்குக் கொடுப்பது, இரண்டையும் அந்த வாரம் நிறுத்த வேண்டும். பாத்திரங்களைத் தனியாகக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும்.

துண்டு கட்டாயம் தனியாக இருக்க வேண்டும். இந்த சீசனில் வரும் ‘மெட்ராஸ் ஐ’ பரவ முக்கியக் காரணங்களில் துண்டும் தலையணை உறையும் உண்டு. கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை இல்லை. கண்ணைக் கசக்கிய கையால் தொட்ட பொருளை இன்னொருத்தர் தொட்டு, அவர் கண்ணில் கை வைக்கும்போதுதான் பரவுகிறது.

செல்போன், டிவி ரிமோட், சுவிட்ச், ஃபிரிட்ஜ் கைப்பிடி இவற்றை தினமும் ஒரு தடவை துடையுங்கள். வழவழப்பான பொருட்கள் மேல் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை கையில் பெரும்பாலும் இருப்பது அம்மாவின் செல்போன்தானே?

வாந்தி, பேதி என்றால் சானிடைசர் போதாது

சளி, ஃப்ளூவுக்கு ஆல்கஹால் சானிடைசர் வேலை செய்யும். ஆனால் வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. சோப்பு போட்டு 20 வினாடி கழுவுவதுதான் வழி. வாந்தி எடுத்த இடத்தை கிளவுஸ் போட்டுத் துடைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுத்தம் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

பேதி நின்று குறைந்தது 2 நாட்கள் ஆகும்வரை அவர் சமைக்காமல் இருப்பது நல்லது. பல வீடுகளில் அம்மாவுக்கே பேதி என்றாலும் அம்மாதான் சமைப்பார். மற்றவர்கள் கரண்டியைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இது.

தாய்க்கு சளி பிடித்தால் பால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், நிறுத்தக் கூடாது. தாயின் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். கை கழுவிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் என்றால் கொசுவையும் மறக்காதீர்கள்

இதே மாதங்களில்தான் டெங்குவும் வருகிறது. முதல் ஓரிரு நாட்களில் ஃப்ளூவா, டெங்குவா என்று பார்த்தவுடன் சொல்வது கஷ்டம். டெங்கு ஒருத்தரிடம் இருந்து இன்னொருத்தருக்கு இருமலில் பரவாது. ஆனால் டெங்கு காய்ச்சல் உள்ளவரைக் கடித்த ஏடிஸ் கொசு, சில நாட்கள் கழித்து அதே வீட்டில் இன்னொருத்தரைக் கடித்தால் பரவும். இந்தக் கொசு கடிப்பது பகலில். அதனால் காய்ச்சல்காரர் பகலில் தூங்கும்போதும் கொசுவலை வேண்டும். டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு இவற்றில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்தை அவை கூட்டும். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸ் மேல் வேலை செய்யாது.

எப்போது ஸ்கூலுக்கு அனுப்பலாம்?

காலையில் பாராசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் ஸ்கூலுக்கு அனுப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. லீவு போட முடியாத பெற்றோரின் கஷ்டம் புரிகிறது. ஆனால் மாத்திரையின் வேகம் குறைந்ததும் மதியம் காய்ச்சல் திரும்ப வரும். அதற்குள் பக்கத்து பெஞ்ச் பிள்ளைக்கும் பரவியிருக்கும், அங்கிருந்து அந்த வீட்டுத் தாத்தாவுக்கும். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம்.

தடுப்பூசி உதவுமா?

ஃப்ளூ தடுப்பூசியை 6 மாதக் குழந்தை முதல் போடலாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒரு தடவை போட வேண்டும். போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக சுமார் 2 வாரம் ஆகும். அதனால் மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. முதியவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் இது பற்றிக் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

* 3 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.
* குழந்தை வேகமாக மூச்சு விடுவது. ஒரு நிமிடத்துக்கு 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்கக் கூடாது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குவதும் ஆபத்தின் அறிகுறி.
* பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு. கொரோனா நேரத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 94-க்குக் கீழ் காட்டினால் கிளம்பிவிடுங்கள்.
* விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறில் ரத்தம், அதிக சோர்வு. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் இந்த ஆபத்து ஆரம்பிக்கும். ‘காய்ச்சல் விட்டுருச்சு’ என்று அசந்துவிடாதீர்கள்.
* குழந்தை பால் குடிக்காமல் இருப்பது, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தே ஆகவேண்டும் என்று இல்லை. தனித் துண்டு, தனி டம்ளர், திறந்த ஜன்னல், சோப்பு, ஒரு வாரப் பொறுமை, இவ்வளவுதான் தேவை. பிள்ளையின் தும்மல் தாத்தாவை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகாமல் இருக்க, இன்று ராத்திரி யார் எங்கே படுப்பது என்பதில் இருந்து ஆரம்பியுங்கள்.