சுர்மாக் குப்பியும் இஸ்மித் எனும் சொல்லும்

பண்டைய மிஸ்ரின் கண்ணாடிக் கலங்களுள் நம்மவர்க்கு மிக நெருக்கமானது சுர்மாக் குப்பியே எனலாம். பேரீச்ச மரத் தூணின் வடிவம். ஒரு சாணுக்கும் குறைந்த உயரம். ஆழ்ந்த நீல உடல். அதன்மீது அலையலையாய் ஓடும் வெள்ளை, மஞ்சள் கோடுகள். இத்தகையவை கி.மு. 1550 முதல் 1295 வரை ஆண்ட பதினெட்டாம் அரச மரபின் காலத்தவை. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம்.

இக்காலக் கலங்களை ஊதிச் செய்தனர் என எண்ணுவது பிழை. கண்ணாடி ஊதும் கலை கி.மு. முதல் நூற்றாண்டில்தான் ஷாம் நாட்டுக் கடற்கரைப் பகுதியில் தோன்றியது. அதற்கு முந்திய மிஸ்ர்க் கைவினைஞர், உலோகக் கம்பியின் நுனியில் களிமண்ணும் சாணமும் பிசைந்து ஓர் உள்ளுருவை அமைத்தனர். அதன்மேல் உருகிய கண்ணாடியைப் போர்த்தினர். பின்னர் வேற்று நிறக் கண்ணாடி இழைகளைச் சூட்டோடு சுற்றி, கல்மேல் உருட்டிச் சமப்படுத்தி, கூர்முனையால் மேலும் கீழும் இழுத்தனர். நேர்கோடுகள் இறகாகவும் தோரணமாகவும் வளைந்தன. ஆறியபின் கம்பியை உருவி, மண்ணைச் சுரண்டி எடுத்தனர். முழுதும் எடுபடாத மண் சில கலங்களினுள் இன்றும் ஒட்டியிருக்கிறது.

ஆழ்நீலத்தைத் தந்தது கோபால்ட். மேற்குப் பாலைவனச் சோலைகளான காரிஜா, தாக்லா பகுதிகளின் படிகாரக் கனிமத்தில் அது கிடைத்தது. வெள்ளையும் மஞ்சளும் ஆண்டிமனியின் கொடை: சுண்ணத்தோடு சேர்ந்தால் வெள்ளை, ஈயத்தோடு சேர்ந்தால் மஞ்சள்.

இவ்விடத்தில், அரபு பயிற்றும் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. இமாம் திர்மிதியின் ஷமாயிலில் சுர்மாவுக்கெனத் தனிப் பாடமே உண்டு. அதில் இடம்பெறும் 'இஸ்மித்' என்னும் சொல்லுக்கு ஆண்டிமனி என்றே இக்கால அகராதிகள் பொருள் தருகின்றன. நாமும் ஆண்டாண்டாய் அவ்வாறே பாடம் சொல்லி வந்தோம். ஆனால் மிஸ்ரின் கல்லறைகளில் கிடைத்த கண்மையைச் சோதித்தவர்கள் கண்டது பெரும்பாலும் காலீனா எனும் ஈயக் கந்தகக் கனிமம். ஆண்டிமனி மிக அரிது. லூவ்ர் அருங்காட்சியகத்துப் பொடிகளை ஆய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, மனிதர் செயற்கையாய் ஆக்கிய ஈய உப்புகளும் அவற்றில் இருந்ததைக் காட்டியது. ஆக, அகராதி சொல்லும் உலோகம் குப்பியின் சுவரில் கோலமாய் இருந்தது. குப்பிக்குள் இருந்தது ஈயம்.

இதற்காக அகராதியாசிரியர்களைக் குறைகூறுதல் தகாது. இரு கனிமங்களும் கருமையாய் மின்னுபவை. இரசாயனப் பகுப்பு அறியப்படாத காலத்தில் ஒரே பெயர் இரண்டையும் சுட்டியிருக்கக்கூடும். எனினும் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. இஸ்மித் என்ற பெயரை நம்பி நம் வீடுகளில் வாங்கும் சுர்மாக்களுள் ஈயக் கந்தகமே மிகுந்தவை உண்டு. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கானது. எனவே வகுப்பில் இப்பொழுது 'சுர்மாக் கல்' என்று மட்டுமே பொருள் சொல்கிறோம். ஆண்டிமனி என்பதை ஓரக்குறிப்பாகத் தருகிறோம்.