தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கப்படாத அதிகாரம்

தன் தீர்ப்பில் தானே கைவைக்க 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் நீதிமன்றத்துக்கு இரண்டு வழிகளைத் திறந்தது. எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, கவனக்குறைவால் விடுபட்டது ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம் என்றது பிரிவு 152. புதிய சான்று கிடைத்தாலோ கண்கூடான தவறு இருந்தாலோ தீர்ப்பையே மறுஆய்வு செய்யலாம் என்றது ஆணை 47. 2013இல் கம்பெனிகள் சட்டம் எழுதியவர்கள் முதல் வழியைச் சற்று அகலமாக்கி எடுத்துக்கொண்டு, இரண்டாவதை விட்டுவிட்டார்கள். பிரிவு 420இன்படி, ஆவணத்தைப் பார்த்ததுமே தெரிகிற தவறை, உத்தரவிட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திருத்தலாம். அந்த உத்தரவின்மேல் மேல்முறையீடு போய்விட்டால் அதுவும் முடியாது. மறுஆய்வு விடுபட்டது மறதியால் என்று என்னால் நம்ப முடியவில்லை. 1985இன் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டமும் 1993இன் கடன் வசூல் தீர்ப்பாயச் சட்டமும் அந்த அதிகாரத்தைப் பெயர் சொல்லியே கொடுத்தவை. சட்டம் வழங்காமல் மறுஆய்வு அதிகாரம் தானாக வந்துவிடாது என்று 1970லேயே படேல் நர்ஷி தாக்கர்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இருந்தது.

எது ‘பார்த்ததுமே தெரிகிற’ தவறு? நீண்ட வாதத்தால் நிறுவ வேண்டியது அந்த வகையில் சேராது என்று 1971இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சொல்வது எளிது. டாடா சன்ஸ் தனியார் கம்பெனியாக மாற்றப்பட்டது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் கூறியபோது, ‘சட்டவிரோதம்’ என்பது உள்ளிட்ட சில சொற்களை நீக்கும்படி மும்பைக் கம்பெனிப் பதிவாளர் மனு போட்டார். பார்வைக்குச் சில சொற்கள்தான். எடுத்தால் ஆடிப்போவது தீர்ப்பின் அடித்தளம். 2020 ஜனவரி 6 அன்று மனு தள்ளுபடியானது. 2021 மார்ச்சில் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. தவறு என்றால் போக வேண்டிய இடம் அதுதான்.

அப்படியானால் மோசடியால் பெற்ற உத்தரவையும், நோட்டீஸே போகாதவருக்கு எதிரான உத்தரவையும் தீர்ப்பாயம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. அத்தகைய உத்தரவைத் திரும்பப் பெற அதற்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு என்று 2024 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அங்கே ஆராயப்படுவது விசாரணை முறையாக நடந்ததா என்பது. முடிவு சரியா என்பது அல்ல. என் குறை வேறு. திருத்தத்துக்கு 2 ஆண்டு கொடுத்த அதே சட்டம், பிரிவு 421இல் மேல்முறையீட்டுக்குத் தருவது 45 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 45 நாள். பெரிய எண்ணை நம்பித் திருத்த மனுவோடு காத்திருக்கும் கட்சிக்காரருக்கு, அது தள்ளுபடியாகும்போது மேல்முறையீட்டுக் கெடு கடந்திருக்கக்கூடும்.