பகா எண்ணும் மூன்று பேரும்

91 பால் மங்குகளை ஏழு வரிசையாக அடுக்கினால் வரிசைக்கு 13 வரும். 97 மங்குகளை அப்படிச் சமவரிசைகளாக அடுக்க முடியாது. ஆகவே 97 பகா எண். சின்ன எண்ணை வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். மிகப் பெரிய எண்ணுக்கு ஆயுள் போதாது.

1876இல் பிரான்சு நாட்டு லூக்கா, அப்படி வகுக்காமலே, 39 இலக்க எண்ணொன்று பகா எண்ணென்று நிறுவினார். ஆனால் அவர் முறை தனி வகை எண்களுக்கே பொருந்தும்.

எந்த எண்ணுக்கும் பொருந்துவதாய், ஊகத்துக்கு இடமில்லாததாய், இலக்கங்கள் கூடினாலும் வேலை மலைபோல் பெருகாததாய் ஒரு வழி 2002இல் பிறந்தது. இந்தியாவின் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டுதான் பட்டம் பெற்ற நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மாணவர்களும் அதைக் கண்டார்கள்.

பிள்ளைகளே, 119 மங்குகள் சமமாக அடுங்குமா? இன்றே அடுக்கிப் பாருங்கள்.