மீட்பு: ஒரு கிறிஸ்தவக் கோட்பாட்டின் வரலாறு

மீட்பு என்பது, பாவத்தாலும் சாவாலும் கடவுளிடமிருந்து பிரிந்த மனிதகுலம் இயேசு கிறிஸ்துவின் வாழ்வு, சிலுவைச் சாவு, உயிர்த்தெழுதல் ஆகியவற்றால் விடுதலை பெற்று கடவுளோடு ஒப்புரவானது என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கத்தோலிக்கர் இதை மீட்பு என்பர். சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் இரட்சிப்பு என்பர்.

இந்நம்பிக்கைக்குள் இரு கேள்விகள் அடங்கியுள்ளன. சிலுவையில் நடந்தது பாவத்தை எவ்வாறு தீர்த்தது என்பது ஒன்று. அதன் பயன் ஒவ்வொருவரையும் எவ்வழியில் வந்தடைகிறது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு எந்தப் பொதுச்சங்கமும் இதுவே விடை என்று விதித்ததில்லை. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் உருவான விசுவாச அறிக்கை, மனிதரின் மீட்புக்காகவே கிறிஸ்து மனிதரானார், சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. விளக்கும் பொறுப்பு இறையியலாளர்களிடம் விடப்பட்டது. அவர்கள் அடிமைச்சந்தை, போர்க்களம், பிரபுவின் அவை, நீதிமன்றம் எனத் தத்தம் காலத்து நிறுவனங்களிலிருந்து விளக்கங்களை எடுத்தனர். இரண்டாம் கேள்வியில்தான் மேற்குத் திருச்சபை உடைந்தது.

யூத மரபில் வேர்கள்

எபிரேய மறைநூலில் மீட்பு முதலில் நிலமும் உடலும் சார்ந்த விவகாரம். வறுமையால் ஒருவர் விற்ற காணியையும், கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவரையும் நெருங்கிய உறவினர் பணம் கொடுத்துத் திரும்பப் பெறும் கடமையை லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் வகுக்கிறது. ரூத்தின் கதையில் போவாஸ் செய்வது இதுவே. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலைக் கடவுள் வெளிக்கொணர்ந்ததும் இதே உறவு முறையில் விளங்கிக்கொள்ளப்பட்டது.

பாவத்தைப் போக்கும் சடங்குகள் தனி வரிசையாக வளர்ந்தன. அவற்றின் உச்சம், திஷ்ரி மாதம் பத்தாம் நாளில் வரும் பாவக்கழுவாய் நாள். அன்று தலைமைக் குரு ஒரு வெள்ளாட்டைப் பலியிட்டு அதன் இரத்தத்தைத் திருத்தூயகத்தில் தெளிப்பார். மற்றோர் ஆட்டின் தலைமேல் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு அதைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுவார். பிறருடைய குற்றங்களைச் சுமந்து துன்புறும் ஊழியன் ஒருவனைப் பாடும் ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரமும் பிற்காலக் கிறிஸ்தவச் சிந்தனைக்கு ஊற்றாயிற்று. கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் பலிகள் நின்றுபோயின. யூத சமயம் மன்றாட்டு, மனமாற்றம், நற்செயல் ஆகியவற்றின் வழியே பாவக்கழுவாய் நாளைக் கடைப்பிடிக்கலாயிற்று. கிறிஸ்தவர்கள் பலிகள் அனைத்தும் சிலுவையில் நிறைவேறிவிட்டதாகக் கொண்டனர்.

புதிய ஏற்பாடு

இயேசுவின் சாவு பாஸ்கா விழாவையொட்டி நிகழ்ந்தது. அவ்விழா தாங்கிய எகிப்திய விடுதலையின் நினைவும் ஆட்டுக்குட்டியின் பலியும் அதற்கு முதல் பொருள்விளக்கமாக அமைந்தன. மாற்கு நற்செய்தி, பலருக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக இயேசு கூறியதைப் பதிவு செய்கிறது. 50களில் கடிதங்கள் எழுதிய பவுல் மூன்று துறைகளின் சொற்களைக் கலந்தார்: ஆலயத்தின் பலி, நீதிமன்றத்தின் விடுவிப்புத் தீர்ப்பு, சந்தையில் அடிமைக்கு விலை கொடுத்தல். ஆதாம் ஒருவனால் பாவமும் சாவும் நுழைந்ததுபோல் கிறிஸ்து ஒருவரால் வாழ்வு வந்தது என்ற இணைப்பும் அவருடையதே. எபிரெயர் திருமுகம் கிறிஸ்துவையே தலைமைக் குருவாகவும் பலியாகவும் காட்டி, ஆண்டுதோறும் நடந்த சடங்கு ஒரே முறையில் முடிந்தது என்கிறது. இப்படிமங்களுள் எதற்கும் புதிய ஏற்பாடு முதன்மை கொடுக்கவில்லை.

தொடக்ககாலத் திருச்சபை: வெற்றியும் ஈட்டுத்தொகையும்

ரோமப் பேரரசு துன்புறுத்திய காலத்தில் சிலுவை முதன்மையாக ஒரு வெற்றியாகவே பார்க்கப்பட்டது. லியோன் நகர ஆயர் இரனேயு, சுமார் 180இல் எழுதிய ‘திரிபுக் கொள்கைகளுக்கு எதிராக’ என்னும் நூலில், ஆதாம் தவறிய பாதை முழுவதையும் கிறிஸ்து மீண்டும் நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் கீழ்ப்படிந்து, மனித வரலாற்றைத் தம்மில் புதிதாகத் தொகுத்தார் என்று விளக்கினார். ஏவாளின் கீழ்ப்படியாமைக்கு மரியாவின் கீழ்ப்படிதலை அவர் எதிர்நிறுத்தினார்.

அலெக்சாந்திரியாவின் ஒரிஜென், மூன்றாம் நூற்றாண்டில், ஈட்டுத்தொகை என்றால் அதைப் பெற்றுக்கொண்டவர் யார் என்று கேட்டு, அலகை என்று விடை சொன்னார். பாவத்தால் மனிதர்மேல் உரிமை பெற்ற அலகை கிறிஸ்துவின் உயிரை ஈடாக வாங்கியது. பாவமற்ற அவ்வுயிரைப் பிடித்துவைக்க முடியாமல் எல்லாவற்றையும் இழந்தது. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி இதைத் தூண்டில் உருவகமாக்கினார்: மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த இறைத்தன்மை முள். அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரிக்கு இது பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பது அவமானம் என்றும், தந்தை அதைக் கேட்டுப் பெற்றார் என்பதும் பொருந்தாது என்றும் அவர் மறுத்தார். ஆயினும் ஈட்டுத்தொகை விளக்கம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மக்கள் நம்பிக்கையில் நிலைத்தது.

கிழக்கும் மேற்கும்

கிரேக்க மரபு பாவத்தை முதன்மையாக நோயாகவும் அழிவாகவும் கண்டது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ‘வார்த்தை மனிதரானது பற்றி’ என்னும் நூலில், மனிதர் இறைவாழ்வில் பங்குபெறவே இறைவார்த்தை மனிதரானார் என்றார். இறைமயமாதல் எனப்படும் இக்கருத்து இன்றுவரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் மையம். அவர்களுடைய உயிர்ப்புத் திருப்படத்தில் கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று, ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறைகளிலிருந்து இழுத்தெடுக்கிறார். இஸ்தான்புல் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியம் அதன் புகழ்பெற்ற வடிவம்.

இலத்தீன் மேற்கை வடிவமைத்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகஸ்தீன் (354–430). மனிதன் தன் விருப்பாற்றலால் கடவுளின் கட்டளைகளைக் கடைப்பிடிக்க முடியும் என்று கற்பித்த பெலாஜியுவை எதிர்த்து, ஆதாமின் குற்றம் பிறப்போடு எல்லாரிடமும் தொடர்கிறது, அருள் முந்திவராமல் எவரும் கடவுளை நாடவே முடியாது என்று அவர் வாதிட்டார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுவின் கொள்கையைக் கண்டித்தது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அருளின் முந்துரிமையை உறுதி செய்தது. ஆதாமின் விளைவான சாவும் பலவீனமும் எல்லார்க்கும் வந்தன என்பதைக் கிழக்கு ஏற்றாலும், குற்றமே மரபாக வருகிறது என்பதை ஏற்கவில்லை.

இடைக்காலம்: கடனும் அன்பும்

ஈட்டுத்தொகை விளக்கத்தை வீழ்த்தியவர் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம். இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் வில்லியமோடு முரண்பட்டு நாட்டைவிட்டு வெளியேறியிருந்தபோது, 1098இல் இத்தாலியில் ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்னும் நூலை முடித்தார். மாணவர் போசோவுடன் உரையாடலாக அமைந்த அந்நூலில், அலகைக்கு உரிமை ஏதும் இல்லை. அதுவே ஓடிப்போன ஓர் ஊழியன். பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்தவேண்டிய மாண்பைச் செலுத்தாத கடன். இழைக்கப்பட்டவரின் பெருமைக்கேற்பக் குற்றமும் பெருகுவதால் அக்கடன் அளவற்றது. கட்ட வேண்டியவன் மனிதன். கட்ட இயன்றவர் கடவுள் மட்டுமே. ஆகவே கட்டுபவர் இருவருமாக இருக்க வேண்டும். இந்தத் தருக்கத்தில் நிலப்பிரபுத்துவக் காலத்தின் மாண்பு குறித்த உணர்வையும், பாவசங்கீர்த்தனத்தில் குரு விதித்த பரிகாரத்தின் சாயலையும் ஆய்வாளர் பலர் காண்கின்றனர்.

ஒரு தலைமுறைக்குள் பாரிஸின் பீட்டர் அபெலார்து இதற்கும் மறுப்பெழுதினார். குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது நீதிக்கே மாறானது என்று ரோமர் திருமுக உரையில் கூறிய அவர், சிலுவை கடவுளின் அன்பை வெளிப்படுத்தி மனித உள்ளத்தில் பதில் அன்பை மூட்டுவதே மீட்பு என்றார். கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்து கடுமையாக எதிர்த்தார். சான்ஸ் நகரச் சங்கம் அபெலார்தின் கூற்றுகள் பலவற்றைக் கண்டித்தது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எந்த விளக்கத்தையும் தனித்து நிற்க விடவில்லை. கிறிஸ்துவின் பாடுகள் பேறாகவும் ஈடுசெய்தலாகவும் பலியாகவும் மீட்பாகவும் செயல்பட்டன என்றார். கடவுள் வேறு வழியிலும் மீட்டிருக்க முடியும், ஆனால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது அவர் முடிவு.

பலன்களும் பிளவும்

சிலுவையின் பயன் ஒவ்வொருவரையும் எவ்வழியில் வந்தடைகிறது என்னும் இரண்டாம் கேள்வி இதற்குள் நிறுவனமயமாகியிருந்தது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. 1343இல் திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட், கிறிஸ்துவும் புனிதரும் ஈட்டிய பேறுகள் ஒரு கருவூலம், அதிலிருந்து திருச்சபை பலன்களை வழங்கலாம் என்று அறிவித்தார். மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய காலத் தண்டனையைக் குறைப்பது பலன்; நடைமுறையில் அது உத்தரிக்கும் தலத்திலிருந்து விடுதலை தரும் சீட்டாக மாறியது. ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்காகத் திருத்தந்தை பத்தாம் லியோ காலத்தில் நடந்த விற்பனையே, 1517 அக்டோபர் 31இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளுக்கு உடனடிக் காரணம்.

விட்டன்பர்க் பேராசிரியரான லூத்தர், மனிதன் நீதிமானாக்கப்படுவது நற்செயல்களால் ஆகாது, விசுவாசத்தால் மட்டுமே என்று கற்பித்தார். கிறிஸ்துவின் நீதி விசுவாசிக்கும், விசுவாசியின் பாவம் கிறிஸ்துவுக்கும் கைமாறுகின்றன. மணமக்கள் தம் உடைமைகளைப் பகிர்வதுபோல இது நிகழ்கிறது என்று 1520இல் எழுதினார். சட்டம் பயின்ற ஜான் கால்வின், ஆன்செல்மின் கடன் கணக்கைக் குற்றவியல் வழக்காக மாற்றினார்: சட்டம் கோரிய தண்டனையைக் கிறிஸ்து பாவிகளுக்குப் பதிலாக ஏற்றார். பதிலாள் தண்டனைக் கொள்கை எனப்படும் இது இன்றும் சுவிசேஷச் சபைகள் பலவற்றின் அடிப்படைப் போதனை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறுமொழி திரிதெந்து பொதுச்சங்கத்தில் (1545–1563) வந்தது. 1547 ஜனவரி 13இல் நிறைவேறிய ஆணை, அருள் முந்திவருகிறது என்பதை உறுதியாகச் சொன்னது. அதே வேளை மனித விருப்பம் அருளோடு ஒத்துழைக்கிறது, நீதி ஆளுக்கு வெளியே எண்ணப்படுவதோடு நில்லாமல் உள்ளத்தைப் புதுப்பிக்கிறது என்றும் வரையறுத்தது.

சீர்திருத்தத்துக்குப் பின்

பதிலாள் தண்டனைக்கு வலிய மறுப்பு சீர்திருத்தத்தின் விளிம்பிலிருந்து எழுந்தது. இத்தாலியரான ஃபாவுஸ்தோ சொசினி, பணக்கடனை இன்னொருவர் கட்டலாம், தண்டனையை மாற்ற இயலாது என்றார். முழு ஈடு பெற்றபின் கொடுப்பது மன்னிப்பும் ஆகாது என்றார். அவருக்கு விடையாக டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோசியு 1617இல், கடவுளைக் கடன் கொடுத்தவராகப் பார்க்காமல் ஆட்சியாளராகப் பார்க்கவேண்டும் என்று வாதிட்டார். சட்டத்தின் மதிப்பைக் காக்கவே சிலுவை தேவைப்பட்டது என்பது அவர் கருத்து.

1618–19இல் கூடிய கால்வின் மரபுச் சபைகளின் டோர்ட் சங்கம், கிறிஸ்துவின் சாவு எல்லார்க்கும் போதுமானதாயினும் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டோருக்கே பயன்தருகிறது என்று தீர்மானித்தது. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்ற, டச்சு இறையியலாளர் அர்மீனியுஸின் மரபு ஜான் வெஸ்லியின் வழியே மெதடிஸ்டு சபைகளுக்குள் வளர்ந்தது. 1738 மே 24 மாலை லண்டனில் அவர் பெற்ற மனமாற்ற அனுபவத்துக்குப்பின், ஒவ்வொருவரும் தன் இரட்சிப்பின் நிச்சயத்தை அறியவேண்டும் என்பது எழுப்புதல் இயக்கங்களின் குரலாயிற்று.

தமிழ்ச் சூழலில்

கத்தோலிக்க, சீர்திருத்த மரபுகள் இரண்டும் தமிழுக்குத் தனித்தனியே வந்தன. 1606இல் மதுரை வந்த ராபர்ட் டி நொபிலி முதலான இயேசு சபையார் திரிதெந்துக்குப் பிந்தைய கத்தோலிக்கப் போதனையைக் கொணர்ந்தனர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹாலே நகரப் பக்தியெழுச்சி இயக்கத்தின் லூத்தரன் மரபைச் சேர்ந்தவர். ஒரு பயணமாக மீட்பைச் சித்திரிக்கும் ஜான் பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’, இக்கோட்பாட்டைக் காப்பிய மரபில் பாடியது. வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர் கைக்கொண்ட மொழிநடையில் கம்பனின் செல்வாக்கு வெளிப்படை. கத்தோலிக்கரின் சிலுவைப்பாதையும் சீர்திருத்தச் சபையாரின் பெரிய வெள்ளி ஏழு வார்த்தைகள் தியானமும் பொதுமக்களிடம் இப்போதனை நிலைபெற்ற வழிகள்.

இருபதாம் நூற்றாண்டும் பின்னும்

1930இல் சுவீடன் இறையியலாளர் குஸ்தாஃப் அவுலேன், தொடக்ககாலத்தின் வெற்றிக் கருத்தே மூல விளக்கம் என்று வாதிட்டு அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். இரண்டாம் உலகப்போரின் அழிவுக்குப்பின் ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன், 1972இல், சிலுவையில் கடவுளே துன்பத்துக்குள் நுழைகிறார் என்று எழுதினார். 1971இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியேரெஸ் வெளியிட்ட விடுதலை இறையியல் நூல், பாவம் சமூகக் கட்டமைப்புகளிலும் குடிகொண்டிருப்பதால் மீட்பும் ஒடுக்குமுறையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் சிலுவையைக் கறுப்பினத்தார் கும்பல்களால் தூக்கிலிடப்பட்ட மரங்களோடு இணைத்தார். இந்தியாவில் அர்விந்த் நிர்மல் முதலானோர் உருவாக்கிய தலித் இறையியல், துன்புறும் ஊழியனில் சாதியால் ஒடுக்கப்பட்டோரின் முகத்தைக் கண்டது. துன்பத்தைப் புனிதப்படுத்தும் விளக்கங்கள் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கின்றன என்று பெண்ணிய இறையியலாளர் கண்டித்தனர்.

பிளவுக்குக் காரணமான இரண்டாம் கேள்வியில் ஓரளவு இணக்கம் கண்டது, 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை. நீதிமானாக்கப்படுதல் அருளால் மட்டுமே, மனிதரின் தகுதியால் அல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, 16ஆம் நூற்றாண்டின் பரஸ்பரக் கண்டனங்கள் அவ்வறிக்கையில் சொல்லப்பட்ட போதனைக்குப் பொருந்தா என அறிவித்தன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இணைந்தன. பலன்கள், உத்தரிக்கும் தலம், திருச்சபையின் அதிகாரம் பற்றிய வேறுபாடுகள் தொடர்கின்றன. முதற்கேள்வி முன்போலவே திறந்திருக்கிறது; பலி, வெற்றி, ஈடு, தண்டனை, அன்பு, விடுதலை என்னும் விளக்கங்கள் அனைத்தும் வெவ்வேறு அளவில் சபைகளின் வழிபாட்டிலும் போதனையிலும் இடம்பெற்று வருகின்றன.