நொய்யல் படுகையும் பின்னலாடைப் பொருளாதாரமும்

மக்கள்தொகை உணவு உற்பத்தியை மிஞ்சிவிடும் என்று மால்தஸ் எழுதியது 1798இல். அந்தக் கவலை சுற்றுச்சூழலின் பக்கம் அழுத்தமாகத் திரும்பியது 1970களின் தொடக்கத்தில். பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன் இருவரும் மக்கள் பெருக்கத்தை முன்னிறுத்தினர். பாரி காமனரோ, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மாசின் பெரும்பங்கு உற்பத்தி முறை மாறியதால் வந்தது என்று வாதிட்டார். மக்கள்தொகை, தலைக்கு நுகர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையே பாதிப்பு என்ற சூத்திரம் இந்த விவாதத்தில் பிறந்தது. நொய்யலின் கடந்த அரை நூற்றாண்டை அதில் பொருத்தினால் மூன்றுமே பெருகியிருப்பது தெரியும். எது எதை இழுத்துவந்தது என்பதை மட்டும் சூத்திரம் சொல்லாது. அந்த வரிசையைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இப்படுகையில் அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று நீரைக் கைமாற்றிக் கொடுக்கும் அமைப்பு நெடுங்காலம் இருந்தது. வாய்க்கால் எட்டாத இடத்தில் கிணறு, கிணற்றடியில் பருத்தி. பருத்தியைத் தொடர்ந்து அரவை ஆலைகளும், 1920களில் பனியன் பின்னும் எந்திரங்களும் திருப்பூருக்கு வந்தன. உள்நாட்டுச் சந்தைக்குப் போனது பெரும்பாலும் வெள்ளைப் பனியன். துணிக்குச் சலவை போதும், சாயம் வேண்டியதில்லை. அந்த அளவுக்கு ஆறு தாங்கியது.

1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் திருப்பூரைத் தேடி வந்தனர். 1985 வாக்கில் 20 கோடி ரூபாயைத் தொடாத ஏற்றுமதி, 2006-07இல் 10,000 கோடியைத் தாண்டியது. 1991இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும், 2005இல் நாடுகளுக்கிடையிலான ஆடை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும் இந்த ஏற்றத்துக்குத் துணை நின்றன. வெளிநாட்டார் கேட்டது வண்ண டி-ஷர்ட். ஆற்றின் கதை திரும்பிய இடம் அதுதான்.

பருத்தியில் வெளுக்காமல் நிற்கும் ரியாக்டிவ் சாயங்களைப் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இச்சாயம் நீரை விட்டு நூலுக்குள் இறங்க உப்பு வேண்டும். அடர்ந்த கறுப்புக்கோ நீலத்துக்கோ ஒரு லிட்டர் சாய நீரில் 60 முதல் 80 கிராம் வரை உப்பைக் கொட்டுவார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்போ துளியும் தங்காது. அலசும் நீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும். பழைய விஞ்ச் வகைச் சாய எந்திரத்தில் கிலோ துணிக்கு நீரும் அதிகம், ஆகவே உப்பும் அதிகம். 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டு நிறத்தை மட்டும் நீக்கின. அந்த முறையால் கரைந்த உப்பைத் தொட முடியாது. வெளியேறும் நீர் ஓரளவு தெளிந்திருந்தது, ஆனால் பயிரைக் கொல்லும் தன்மையை இழக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த மாசுக்கு மட்டும் வைத்தியம் பார்த்த இந்தப் பத்தாண்டு, படுகைக்கு நேர்ந்த பேரிழப்பு என்பேன்.

இந்த வரிசையில் மக்கள் பெருக்கம் எங்கே வருகிறது? முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தும் பின்னர் பீகார், ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். திருப்பூர் நகரத் தொகுதியின் மக்கள்தொகை 2001இல் சுமார் 5.5 லட்சம்; 2011இல் 9.6 லட்சம். வீட்டுக் கழிவுநீர் நொய்யலின் சுமையைக் கூட்டியது உண்மை. ஆனால் இவர்களைக் கூட்டிவந்தது வெளிநாட்டு ஆர்டர். ஆற்றில் கரைந்த உப்பு, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உடுத்தப்பட்ட துணிக்காகக் கரைந்தது. இங்கே குடியேறியவரின் எண்ணிக்கையைக் காட்டி ஆற்றின் அழிவை விளக்குவது, விளைவையே காரணமாக்குவது.

தண்ணீரும் சந்தைக்கு வந்தது. நகரைச் சுற்றிய கிணறுகளில் உப்பேறியதும் சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீருக்கு மாறின. பாசனக் கிணறு வைத்திருந்த சிலர், பயிருக்குப் பாய்ச்சுவதைவிட லாரிக்கு விற்பதில் கூடுதல் வருவாய் கண்டனர். வாங்கும் நீருக்கு விலை இருந்தது. வெளியே விடும் நீருக்கு இல்லை. பனியனின் விலையில் சேராத அந்தச் செலவு கீழ்மடைக்குப் போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டி, 1992இல் திறக்கப்பட்ட அணை அது. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாய வேண்டிய நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது. மண் உவர்ந்தது, தென்னை பட்டது, கிணற்று நீரை மாடுகூடக் குடிக்க முடியவில்லை. தங்களுக்கென்று கட்டிய அணையின் நீரே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு ஆயக்கட்டு விவசாயிகள் தள்ளப்பட்டனர். அவர்களின் சங்கம் தொடர்ந்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டச் சொன்னது. ஆற்றில் விடும் நீருக்கு விலை வைத்த தீர்ப்பு என்பதால் இவ்வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. கெடு கடந்தும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் அதே நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணையிட்டது.

மீண்டும் திறந்த பட்டறைகள் ஆர்.ஓ. சவ்வு வழியே நீரை மீட்கின்றன. மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிகலனின் நீராவியால் வற்றவைக்கின்றன. நீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடி சாயத்துக்குப் போகின்றன. ஆற்றின் சுமை குறைந்த அளவுக்கு விறகும் மின்சாரமும் செலவாகின்றன. எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் தேங்குகிறது. இச்செலவைப் பட்டறைக்காரரும், கூலி குறைவதால் தொழிலாளரும் சுமக்கிறார்கள். துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கொள்முதல் விலையில் இது முழுதாக ஏறும்வரை, சுத்திகரிப்பில் மிச்சம் பிடித்து இரவில் கழிவைத் திறந்துவிடும் தூண்டுதல் படுகையை விட்டுப் போகாது.