எழும்பும் கூரையும் மாடிப் படுக்கையும்

காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் உறங்கும் வண்டியாகிய கேரவனிடம் தொடக்கம் முதலே முரண்பட்ட இரண்டு பண்புகள் எதிர்பார்க்கப்பட்டன: ஓடும்போது காற்றோடு மல்லுக்கட்டாத தாழ்ந்த உடல் ஒன்று, நின்றபின் ஆள் நிமிர்ந்து நிற்கத்தக்க உயரம் மற்றொன்று. 1950-களின் ஜெர்மனியில் பலர் வைத்திருந்த வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் அதிகபட்சம் 30 குதிரைத்திறனே கொண்டிருந்ததால், இந்த முரண் அங்கே கூர்மையாக உணரப்பட்டது.

தென்ஜெர்மனியின் பாட் வால்ட்சே ஊரில், தந்தையின் பட்டறையில் எர்வின் ஹைமர் 1957-இல் உருவாக்கிய முதல் கேரவனுக்கு வடிவம் தந்தவர் எரிக் பாஹெம் என்னும் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், செங்குத்தாக மேலெழும் ‘நாட்டர்’ என்ற ராக்கெட் விமானத்தை வடிவமைத்தவர் அவரே. 1945 மார்ச் 1 அன்று அதன் முதல் ஆளேறிய பறத்தலிலேயே விமானி உயிரிழந்தார். அத்தகைய கொடிய பொறியை வகுத்த அறிவு, பன்னிரண்டு ஆண்டுகளில் குடும்பங்களின் விடுமுறை வண்டிக்குப் பயன்பட்டது விந்தைதான். எரிக் பாஹெம் என்ற பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய எரிபா வண்டிகள், விமான உடலைப் போல எஃகுக் குழாய்ச் சட்டகத்தின்மீது அலுமினியத் தகடு போர்த்தப்பட்டு, எடை குறைவாக அமைந்தன. கூரையின் ஒரு பகுதியை மட்டும் மேலே தள்ளினால், இடைவெளியைக் கித்தான் துணி மூடிக்கொள்ள, உள்ளே நிற்பதற்கு இடம் கிடைத்தது.

ஆனால் இங்கே கிடைத்தது நிற்கும் உயரமே; படுக்கும் இடம் கூடவில்லை. படுப்பவருக்குத் தேவை உயரத்தைவிட நீளம் என்பதால், மேசையைத் தாழ்த்தி இருக்கைகளுக்கு நடுவே பொருத்திக் கட்டிலாக்கும் பழைய உத்தியே தொடர்ந்தது. கூரையையே படுக்கையறையாக்கும் வழி, கேரவனைவிட உந்துவண்டிகளில்தான் தெளிவாகப் புலப்பட்டது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் மார்ட்டின் வால்டர் நிறுவனம் செய்த டார்மொபில் வேன்களில், கூரையின் ஒரு பக்கம் கீலில் நிலைத்திருக்க, மறுபக்கம் வரித்துணியோடு எழும்பியது. அந்த இடத்தில் ஸ்ட்ரெச்சர் போன்ற துணிப் படுக்கைகள் விரிக்கப்பட்டன. அமெரிக்காவிலோ, பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் கட்டில்களை வெளியே இழுத்து நீட்டும் மடக்கு டிரெய்லர்கள் பரவின. அவை மூடியநிலையில் மிகச் சிறியவையாயினும், விரித்தபின் கூடாரத்துக்குரிய குளிரும் காற்றும் உள்ளே புகுந்தன.

சிறிய டிரெய்லருக்குக் கீல்கூரையே பொருத்தமான வழி எனலாம். எனினும், மேலே படுப்பவரின் எடையைத் தாங்கும் பலகைக்குப் பக்கச் சுவர்களில் உறுதியான பிடிமானம் வேண்டும், ஏறியிறங்க ஒரு திறப்பையும் விட்டுவைக்க வேண்டும். உறங்குவோரின் மூச்சு ஈரம் கித்தானில் படிவதால், அதை உலர்த்தாமல் மடித்துக் கூரையைத் தாழ்த்தினால் துணியில் பூஞ்சை பிடிக்கும்.