தகரத்தைத் தின்னும் துரு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இன்று லோடு வண்டி இல்லாமல் விவசாயம் நகராது. பலதும் கடனில் எடுத்த வண்டி. தவணை முடியுமுன்னே தொட்டித் தகரம் பொத்தல் விழுந்தால் வயிறு எரியுமா, எரியாதா? "மழையே பெய்யாத கரிசல் சீமையில துரு எங்கேருந்துங்க வரும்?" என்று கேட்பீர்கள். மழை வேண்டாம், உப்பு போதும்.

தூத்துக்குடி உப்பு, கருவாடு, பொட்டாஷ் மூட்டை, சந்தைக்குப் போகிற ஆடு என்று எல்லாம் ஏற்றுகிறோம். சிந்தினதும் சிதறினதும் தகரத்தின் மடிப்பில் போய் உட்காரும். அதன்மேல் கரிசல் மண் அப்பிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். மார்கழிப் பனி அதற்குத் தாராளம். மேலே வெயில் காய்ந்தாலும் மண்ணுக்கடியில் தகரம் நசநசவென்றுதான் கிடக்கும்.

நம்ம பாட்டன்மார் கொழுவுக்கு எண்ணெய் தடவி வைத்தார்களே, அது ஈரத்தை மறிக்கத்தான். வண்டிக்கு அடிக்கிற பெயிண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கீறல் விழுந்தால் போச்சு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. பக்கத்துப் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு பரவும்.

கீறல் விழுந்த பிறகும் காக்கிற உபாயம் கப்பலிலிருந்து வந்தது. கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரில் அரித்துப்போனது. 1824-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி அதோடு துத்தநாகத் துண்டையும் இரும்புத் துண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். அவை கரைந்தன, செம்பு பிழைத்தது! ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். செம்பு கரைந்தால்தான் அதன் விஷத்துக்குப் பாசியும் சிப்பியும் ஒட்டாது. கரையாத தகட்டில் அதெல்லாம் குடியேறி, கப்பலின் வேகம் குறைந்துபோனது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. யோசனை மட்டும் வீண் போகவில்லை. 1837-ல் பிரான்சில் சோரெல் என்பவர் இரும்பை உருக்கின துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம வீட்டு ஜி.ஐ. வாளி அந்த வழியில் வந்ததுதான். கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பை விட்டுவைக்கும்.

இந்த அரிமான ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் நமக்கு வடகிழக்கே காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மண்டபத்து உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து, எவ்வளவு அரிக்கிறது என்று அளந்தவர்கள் இவர்கள். உப்புக்காற்றின் பலத்தைப் பக்கத்துப் பாம்பனிலேயே பார்க்கலாம். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் தூக்குப் பகுதி அரித்துப்போய், 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தவேண்டி வந்தது.

இப்போது வருகிற பல வண்டிகளில் தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உப்போ உரமோ இறக்கின அன்றைக்கே தொட்டியையும் மட்கார்டு உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம்ம பக்கத்துக் கிணறு சிலது உவர், அது ஆகாது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையைக் குச்சியால் குத்திவிடுங்கள். நனைந்த சாக்கைத் தொட்டியில் போட்டுவைக்காதீர்கள்.

இன்னொன்று, டிங்கர் பட்டறை விஷயம். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் வெள்ளைப் புகையாய்ப் போய்விடும். மேலே பட்டி தடவிப் பெயிண்ட் அடித்தால் பார்வைக்குப் புதுசு, உள்ளே வெறும் இரும்பு. சுரண்டிச் சுத்தம் செய்து முதலில் ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். பட்டியும் பெயிண்டும் அதற்கப்புறம்.